மூன்றாவது ஓட்டைக்கு மதிப்பெண் இல்லை

சந்தனம் கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விஜயதசமி காலை. ஹாலில் கிழக்கு பார்த்த மேசை. அதன்மேல் வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத கம்ப்யூட்டர். முந்தின நாள் சரஸ்வதி பூஜைக்கு வைத்த பொட்டெல்லாம் காய்ந்து உதிர்ந்திருந்ததால் மறுபடி வைத்துக்கொண்டிருந்தேன். மானிட்டரின் நெற்றியில் ஒன்று. கீபோர்டின் ஓரத்தில் ஒன்று. நின்றவாக்கில் இருந்த அந்த இரும்புப் பெட்டியின் முகப்பில், ஆன் செய்யும் பொத்தான்மேல் ஒன்று. இயந்திரத்துக்கு அதுதானே உயிர்நிலை என்று அங்கே மட்டும் தாராளமாக அப்பினேன். சந்தனம் வழிந்து பொத்தானின் இடுக்குக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததை யாராவது துடைப்பார்களா?

தரை அப்போதுதான் கழுவிவிட்ட ஈரம். சிவப்பு சிமென்ட் தரை, காலை வைத்தால் சில்லென்று இருக்கும். என் மகள் கவிதா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு வந்து நின்றாள். வெறுங்கால் என் உத்தரவு. எங்கள் வீட்டில் யாரும் செருப்புக் காலோடு கம்ப்யூட்டரை நெருங்கக் கூடாது.

"நல்ல நேரம் முடியப் போவுது. போடு" என்றேன்.

"அம்மா, அது கடிக்கும்மா."

"கம்ப்யூட்டர் கடிக்காது. போடு."

இடது கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு, வலது கை விரலால் சந்தனப் பொட்டின் நடுவில் அழுத்தினாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேனோ என்னவோ. தொண்டைக்குள்ளிருந்து 'ங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடம்பு விறைத்தது. தலையிலிருந்த துண்டு மெதுவாக அவிழ்ந்து தோளில் விழுந்தது. கை மட்டும் பெட்டியை விடவில்லை.

ஒரு சிறு குறிப்பு. நான் இயற்பியல் ஆசிரியை. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு மின்னோட்டப் பாடம் நடத்தியே தலை நரைத்தவள்.

படப்பையிலிருந்து ஒரு கேள்வி

பதற வேண்டாம். கவிதா நன்றாக இருக்கிறாள். வெளியூரில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். இந்தத் தொடரைப் படித்துவிட்டு, "என்னைப் பத்தி எழுதறப்போ எடையைக் கூட்டிச் சொல்றே" என்று சண்டையும் போடுகிறாள். அதனால்தான் இதை எழுதக் கை வருகிறது.

எழுதவைத்தது படப்பை வாசகி ஒருவரின் கடிதம். மகன் பிளஸ் ஒன் போகிறானாம். கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமாம். கம்பெனி கம்ப்யூட்டரா, அசெம்பிள் செய்ததா, செகண்ட் ஹேண்டா? 'படித்த ஆசிரியை என்ற முறையில் தாங்கள் ஆலோசனை கூற வேண்டும்.'

அம்மா, நீங்கள் மிகச் சரியான ஆளிடம் கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தை என்னளவு ஆராய்ந்த தாய் தாம்பரம் சுற்று வட்டாரத்தில் இல்லை. சார்ட் போட்டு, கோடு கிழித்து, மதிப்பெண் கொடுத்து, கூட்டல் சரிபார்த்து, அதன்பிறகுதான் என் மகளை அந்த ஈரத் தரையில் நிற்கவைத்தேன்.

கேசட்டில் கூவும் கம்ப்யூட்டர்

எல்லாம் கோவிலம்பாக்கத்தில் ஆரம்பித்தது. என் நாத்தனார் வீடு அங்கே. அவர் கணவர் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் என்றால் ரயில் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது.

இது ஒரு கீபோர்டு மட்டும்தான். டி.வி.யில் செருக வேண்டும். ஒரு சின்ன அடாப்டர், நாத்தனார் மகனின் டேப் ரெக்கார்டர் ஒன்று. கேசட்டைப் போட்டால் அது ஏதோ அடிபட்ட பூனை மாதிரி கூவும். குக்கர் வைத்து மூன்று விசில் வருவதற்குள் ஒரு விளையாட்டு ஏறிவிடும், யாரும் மேசையை ஆட்டாமல் இருந்தால். ஏறியபின் திரையில் ஒரு புள்ளி இன்னொரு புள்ளியைத் துரத்தும். நாத்தனார் அதைக் காட்டிவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார். நாங்கள் வாயைப் பிளக்க வேண்டும். பிளந்தோம்.

கவிதாவுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அவளுடைய அத்தான் ஏதோ இரண்டு வரி தட்டிக் கொடுத்தான். அவள் தன் பெயரைத் தட்டினாள். திரை முழுக்க, மேலிருந்து கீழ்வரை, அவள் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொன்னால் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் படம் போடும் நேரம் ஆகிவிட்டது. எல்லாரும் ஒயரைப் பிடுங்கு என்கிறார்கள். அவள் முகத்தில் அந்தத் திரையின் வெளிச்சம்.

அந்த முகத்துக்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன் என்று சொல்ல ஆசை. பாதி உண்மை. மீதிப் பாதி, அது நாத்தனார் வீட்டில் இருந்தது, என் வீட்டில் இல்லை.

நான்கு மாணவர்கள், ஒரே தேர்வு

கவிதா பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்ததும் எனக்குக் காரணம் கிடைத்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். வேகம், நினைவகம், திரை, வண்ணம், உத்தரவாதம், உபயோகிக்க எளிமை, விலை. ஒவ்வொன்றுக்கும் பத்து. மாணவர்கள் நான்கு பேர்.

முதலாமவர், நாத்தனாரின் அதே டி.வி. கம்ப்யூட்டர். அவர்கள் பெரியதாக ஒன்று வாங்கப் போவதால் இதை எங்களுக்கு 'சும்மா மாதிரி' கொடுத்துவிடத் தயார். கவிதாவின் ஓட்டு இதற்குத்தான். "போட்டவுடனே வருதும்மா. நமக்கு இது போதும்" என்றாள். நான் சிரித்தேன். நாத்தனார் கழித்துவிட்டதை வாங்கி நடுஹாலில் வைப்பதா? எளிமைக்கு ஒன்பது போட்டேன். மற்றதிலெல்லாம் ஒன்று, இரண்டு என்று போட்டு ஃபெயிலாக்கினேன்.

இரண்டாமவர் என் கணவரின் வேட்பாளர். அவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். அங்கே பழைய மெஷின்களைக் கழித்துக்கட்டினார்கள். பச்சை எழுத்துத் திரை. இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி. கீபோர்டில் எத்தனையோ பேர் தட்டித் தட்டி ஆங்கில 'ஈ' மொத்தமாக அழிந்துபோயிருந்தது.

"அது எந்த இடம்னு தெரிஞ்சிட்டா போதாதா?" என்றார்.

அவர் எந்தப் பொருளையும் இப்படித்தான் வாங்குவார். எங்கள் வீட்டு மிக்ஸியில் இரண்டாம் நம்பர் மட்டும்தான் சுற்றும், அது போதாதா என்பார். மொத்தம் எழுபதுக்கு இருபத்தாறு கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாமவர் பெரிய இடத்துப் பிள்ளை. தியாகராய நகரில் கண்ணாடிக் கதவு வைத்த ஷோரூம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏ.சி. குளிர், புது பிளாஸ்டிக் வாசனை. கோயிலில்கூட நான் அவ்வளவு மெதுவாக நடந்ததில்லை. செருப்பைக் கழற்றும் பழக்கத்தை அங்கிருந்துதான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். தூசிக்காக என்று அவர்கள் சொன்னது காதில் விழவில்லை. பக்திக்காக என்று நானே புரிந்துகொண்டேன்.

டை கட்டிய ஒருவர் எல்லாம் காட்டினார். கலர் திரை கண்ணைப் பறித்தது. கடைசியில் ஒரு படிவத்தை எடுத்தார். உங்கள் வீடு சொந்தமா, வாடகையா? மேடம், எர்த் இருக்கிறதா? எங்கள் ஆள் வந்து அளந்து பார்ப்பார், எர்த் சரியில்லாத வீட்டுக்கு நாங்கள் டெலிவரி கொடுப்பதில்லை.

எனக்குச் சுருக்கென்றது. நான் பொருள் வாங்கப் போயிருக்கிறேனா, இவர்கள் என் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்களா? வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த காலண்டர் தாளை எடுத்தேன். 'தேவையற்ற கேள்விகள்' என்று ஓரத்தில் எழுதி இரண்டு மதிப்பெண்ணைக் கழித்தேன்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு மதிப்பெண்ணை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை. இன்று உங்களுக்குத்தான் முதலில்.

பம்மல் பஷீர் பாய்

நான்காமவர் அசெம்பிள் செய்தது. அதைச் செய்துகொடுப்பவர் பம்மல் பஷீர் பாய். முன்பக்கம் ரேடியோ, டி.வி. ரிப்பேர். பின்பக்கம் ஒரு டியூப் லைட்டின் கீழே திறந்துகிடக்கும் கம்ப்யூட்டர்கள். கடைக்குள் ஈயம் உருகும் புகை, வெளியே காற்று திரும்பினால் தோல் தொழிற்சாலை நாற்றம். தலைக்குமேல் விமானம் தாழ்ந்து போகும்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அவர் தங்கை என் மாணவி. அதனால் எனக்கு ஸ்டூல் கிடைத்தது, டீ கிடைத்தது.

கம்பெனி கம்ப்யூட்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"உள்ள எல்லாம் ஒண்ணுதான் டீச்சர். அதுல மேல ஸ்டிக்கர் கீது. அந்த ஸ்டிக்கருக்குத்தான் அவ்ளோ துட்டு." ஒரு விமானம் போனது. காத்திருந்தார். "ஆனா ஒண்ணு. ராத்திரி ரிப்பேர்னா கம்பெனிக்காரன் வரமாட்டான். நான் வருவேன். திட்டிக்கினே வருவேன்."

இந்த நேர்மைக்கே பத்து மதிப்பெண் என்று மனதுக்குள் போட்டுவிட்டேன். அவர் கார்பன் வைத்து ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், ஃபிளாப்பி, கேபினெட், கலர் மானிட்டர், எல்லாம் வரிசையாக. கடைசி வரியில் 'எர்த் - பார்ட்டி பொறுப்பு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"இத்த மட்டும் பாத்துக்கங்க டீச்சர். எர்த் இல்லாத வூட்ல இது நிக்காது. அரைநாள் வேல, குழி வெட்டணும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம்தான். மின்னோட்டம் வரும் கம்பி, நடுநிலைக் கம்பி, புவித்தொடுப்புக் கம்பி. மூன்றாவது பச்சை நிறம். கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதைத் தொடும் மனிதன் வழியாகப் போகாமல் பூமிக்குக் கொண்டுபோவது. வருடா வருடம் பச்சைச் சாக்பீஸ் தேடி எடுத்து வரைவேன். பாய் தங்கை வீட்டில் சொல்லியிருக்கிறாள், எங்கள் டீச்சர் கரண்ட் பாடம் எடுத்தால் தூங்குகிறவளுக்கும் புரியும் என்று.

எழுபதுக்கு ஐம்பத்தெட்டு. முதல் ரேங்க்.

குழி வெட்டாத கதை

நாங்கள் சேலையூரில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் மாடியில். ரயில்வேயில் ரிட்டயரானவர். பழைய வீடு, எல்லாம் இரண்டு ஓட்டை சாக்கெட்டுகள். எர்த் என்ற ஒன்று அப்போது அந்த வீட்டில் எங்குமே இல்லை.

குழி வெட்ட அவரிடம் கேட்க வேண்டும். போன மாதம்தான் துணி காயப்போட ஒரு ஆணி அடிக்கக் கேட்டு, சுவரின் வரலாற்றை அரைமணி நேரம் கேட்டிருந்தேன். இப்போது அவருடைய முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உயரம் தோண்ட வேண்டும் என்றால்? அதுவும் சரஸ்வதி பூஜை நெருங்குகிறது. நாத்தனார் குடும்பத்தோடு வரப்போகிறார். அவர் வரும்போது கம்ப்யூட்டர் ஹாலில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பூமிக்கு அடியில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

தெருமுனை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஹாலில் புதிதாக மூன்று ஓட்டை சாக்கெட் ஒன்று மாட்டச் சொன்னேன். தும்பைப்பூ வெள்ளை. பார்க்க லட்சணமாக இருந்தது. மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

பஷீர் பாய் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் கோத்தார். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு புது சாக்கெட்டைப் பார்த்தார்.

"எர்த் போட்டாச்சா டீச்சர்?"

"ம். போட்டாச்சு."

இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் இந்த அத்தியாயம். பூஜை முடிந்ததும் வெட்டிவிடலாம், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரல் எம்.எஸ்ஸி. படித்த குரல். பாய் பிளக்கைச் செருகினார். திரையில் வெளிச்சம் வந்தது. கவிதாவின் முகத்தில் ஒன்பது வயது திரும்பி வந்தது.

மூன்றாம் நாளே அவள் சொன்னாள், பெட்டியைத் தொட்டால் விர்ரென்று கடிக்கிறது என்று. நான் சும்மா விடவில்லை. உட்காரவைத்து நிலைமின்னூட்டம் பற்றிப் பாடம் எடுத்தேன். சீப்பைத் தலையில் தேய்த்துத் துண்டுக் காகிதங்களைத் தூக்கிக் காட்டினேன். அருமையான செய்முறை விளக்கம். அவள் காகிதங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இது அந்த மாதிரி இல்லம்மா" என்றாள். என் வகுப்பில் மாணவி ஒருத்தி இப்படிச் சொன்னால் தட்டிக்கொடுத்திருப்பேன். வீட்டில், வாயை மூடு என்றேன்.

பி.காம். படித்தவர்

திரும்ப அந்தக் காலைக்கு வருகிறேன். துண்டு தோளில் விழுந்த இடத்துக்கு.

மின்சாரம் பிடித்தவரைத் தொடக்கூடாது. முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பாடத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும், கட்டாயம் கேட்பார்கள் என்று நான் கோடு போடச் சொல்லும் வரி. அந்த வரியை ஆயிரம் பெண்களுக்குச் சொன்ன நான், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, அதே ஈரத் தரையில், அதே வெறுங்காலோடு அவளைப் பிடிக்க ஓடினேன்.

என் கணவர் சுவரோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பி.காம். மனிதர். வாழ்க்கையில் எதையும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை. பேப்பர் கையிலிருக்கும்போதே ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார்.

நான் அவளைத் தொட்டபோது அவள் வெறும் கவிதாவாக இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். தலையில் சீயக்காய் வாசனை. இடது கையின் இரண்டு விரல்களில் வெள்ளையாகச் சுட்ட தடம். மூச்சு வந்துகொண்டிருந்தது. அதை எண்ணினேன், எண்ணிக்கை எங்கோ போய்விட்டது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

கணவர் இழுத்த வேகத்தில் சாக்கெட்டும் சேர்ந்து சுவரிலிருந்து பெயர்ந்து தொங்கியது. முகம் சுவரைப் பார்க்க, முதுகு எங்களைப் பார்க்க. முதுகில் ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர், ஒரு வெற்றுத் திருகாணி.

கவிதா என் மடியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் இவளும் என் மாணவிதான்.

"பச்சை ஒயர் எங்கம்மா?"

அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை.

கணவர் ஆட்டோ கூப்பிட ஓடினார். டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாள் படுக்கட்டும் என்றார். எப்படி ஆனது என்று கேட்டார். 'வயரிங் ஃபால்ட்' என்றேன். நாக்கு பழகிவிட்டது.

அரை நிமிட அனுமதி

அன்று மாலையே பஷீர் பாய் வந்தார். திட்டிக்கொண்டே வருவேன் என்றவர் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். பெட்டியைத் திறந்தார், பொத்தானுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். உள்ளே சந்தனம் மஞ்சளாக ஒழுகி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இந்த மாடல்ல மெயின் கரண்ட்டு சுவிட்ச் வரைக்கும் வரும் டீச்சர். அங்க போய் ஊத்திகீறீங்க. எர்த் இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும், அவ்ளோதான்."

பிறகு தொங்கிக்கொண்டிருந்த சாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வேற யாருன்னா சொல்லிருந்தா கழட்டிப் பாத்திருப்பேன்" என்றார். "நீங்க சொன்னீங்கன்னு உட்டுட்டேன்."

அவர் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை மாடிக்குப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இதுக்கா டீச்சர் வந்தீங்க? தோண்டிக்கங்க. முருங்கை வேர் படாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போனார். அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாய் ஆள் வைத்துக் குழி வெட்டினார். இரும்புக் குழாய், சுற்றிலும் அடுப்புக்கரி ஒரு அடுக்கு, கல் உப்பு ஒரு அடுக்கு. பச்சை ஒயரை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து சாக்கெட்டில் முடுக்கினார். முடுக்குவதற்கு முன் கவிதாவைக் கூப்பிட்டுக் காட்டினார், என்னை அல்ல. மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவளிடம்தான் சொன்னார்.

கவிதா ஒரு மாதம் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. போனபோது செருப்புப் போட்டுக்கொண்டு போனாள். முதலில் புறங்கையால் பெட்டியைத் தொட்டாள்; கரண்ட் இருந்தால் உள்ளங்கைதான் பிடித்துக்கொள்ளும். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். இன்றும் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர்கள் ஃபிரிட்ஜைப் புறங்கையால் தடவிப் பார்க்கிறேன். விலை கேட்கப் போகிறேன் என்று நினைத்து, எத்தனை லிட்டர் என்று சொல்கிறார்கள்.

எட்டாவது கட்டம்

இப்போது படப்பை வாசகிக்கு என் ஆலோசனை. எது வேண்டுமானாலும் வாங்குங்கள். வேகம், வண்ணம் எல்லாம் இரண்டு வருடத்தில் பழையதாகிவிடும். நான் ஐம்பத்தெட்டு மதிப்பெண் போட்ட மெஷின் இப்போது பூப்போட்ட உறைக்குள் தூங்குகிறது. ஃபெயிலாக்கினேனே நாத்தனாரின் டி.வி. கம்ப்யூட்டர், அது உள்ளங்கை அகல அடாப்டரில் ஓடும் பிளாஸ்டிக் சாமான். ஜன்மத்தில் யாரையும் கடித்திருக்காது. உபயோகிப்பவளிடம் எது வேண்டும் என்று கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். கேளுங்கள். ஷோரூம்காரர் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். கடைசியாக, சாக்கெட்டைக் கழற்றி முதுகைப் பாருங்கள். ஆசிரியை சொன்னாள் என்று நம்பாதீர்கள்.

எங்கள் முருங்கை மரத்தடியில் சிமென்ட் வளையம் கட்டிய அந்தக் குழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்ன செடி டீச்சர்? வாரா வாரம் ஊத்தறீங்க, ஒண்ணும் முளைக்கலயே" என்றாள். முளைக்காது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கவிதா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவாள். போன வாரமும் பேசினாள். சாப்பாடு, பரீட்சை, கிழிந்த சுடிதார். வைக்கப் போகும்முன் எப்போதும் கேட்பது ஒன்று.

"எர்த்துக்குத் தண்ணி ஊத்துனியா?"

"ஊத்திட்டேன்."

பூத்தில் மீட்டர் டிக் டிக்கென்று ஓடும் சத்தம் கேட்டது.

"நெஜமா?"

ஊற்றியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையே, ஒரு குடம் நிறைய. ஆனாலும் "இரு" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். குடத்தை நிரப்பி எடுத்துப்போய், கரியும் உப்பும் குடித்து அடங்கும்வரை நின்று ஊற்றிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் வைக்காமல் காத்திருந்தாள்.